தமிழாசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தப் போகிறீர்களா? சிங்கப்பூரில் தனியாகப் பயிற்சி வழங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பள்ளியோ சில பள்ளிகள் சேர்ந்தோ தங்கள் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க உங்களைக் கூப்பிட்டால், முதலில் ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: பயிலரங்கு முடிந்த அடுத்த வாரம், அங்கே உட்கார்ந்திருந்த ஆசிரியர் தன் வகுப்பில் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும்? ஒரே வாக்கியத்தில் விடை வரவில்லை என்றால் ஸ்லைடு தயாரிக்க உட்காராதீர்கள். "ஆர்வமூட்டும் கற்பித்தல் உத்திகள்" என்பது விடை ஆகாது. "கேள்வி கேட்டதும் மூன்று வினாடி காத்திருக்க வேண்டும்" என்பது விடை. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டு போகும், ஏனென்றால் நன்றாகப் பேசி, நன்றாகச் சிரிக்கவைத்து, நல்ல மதிப்பெண் வாங்கி, வகுப்பறைக்குள் எதுவுமே போய்ச் சேராத பயிலரங்குகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அது ஆசிரியர்களின் நேரத்துக்குச் செய்யும் அநியாயம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், முன்னாள் துறைத்தலைவர்கள், தனியாகப் பயிற்சி நிறுவனம் நடத்துபவர்கள், தமிழ்நாட்டிலிருந்து அழைக்கப்படும் பேராசிரியர்கள் என்று பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். யாராக இருந்தாலும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் உட்காரும் ஆசிரியர் பயிற்சிக்குப் புதியவர் இல்லை. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெறும் உரிமை 1990களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. தேசிய கல்விக் கழகத்தில் படித்துவிட்டு வந்தவர், பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் பலமுறை போய்வந்தவர், 2010இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆசிரியர் கல்விக்கழகத்தின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். 'மாணவர் மையக் கற்றல்' என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டாம்.

யார் கூப்பிடுகிறார்கள், என்ன கேட்கிறார்கள்

பெரும்பாலும் அழைப்பு மூன்று வழிகளில் வரும். பள்ளியின் எஸ்எஸ்டி, அதாவது ஆசிரியர்களின் பயிற்சிக்குப் பொறுப்பானவர், கூப்பிடலாம். தாய்மொழித் துறைத்தலைவர் கூப்பிடலாம். அல்லது நாலைந்து பள்ளிகளின் தமிழாசிரியர்கள் சேர்ந்து, அவர்களில் மூத்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்கலாம். இந்த மூன்றாவது வகை நம் மொழிக்கு மட்டும் ஏன் அதிகம் என்றால், ஒரு பள்ளியில் இருக்கும் தமிழாசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், சில இடங்களில் ஒருவரே ஒருவர்தான் இருப்பார். சீனமொழிக்கு ஒரு பள்ளிக்குள்ளேயே ஒரு பெரிய குழு கிடைத்துவிடும். நமக்கு நாலு பள்ளி சேர்ந்தால்தான் பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள்.

முதல் இரண்டு வகையில், உங்களிடம் பேசுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தாய்மொழித் துறை என்பது சீனம், மலாய், தமிழ் மூன்றும் சேர்ந்த துறை. தலைவர் சீன ஆசிரியராக இருக்கலாம். அதனால் உங்கள் முன்மொழிவை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், அதில் தமிழ் வகுப்பின் பிரச்சினை என்ன என்பதைத் தமிழ் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லுங்கள். அவர்தான் நேரமும் பணமும் ஒதுக்கப் போகிறவர்.

அந்த முதல் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"சார், நவம்பர்ல ரெண்டு மணி நேரம் இருக்கு. வேறுபடுத்திக் கற்பித்தல் பத்தி ஏதாவது செஞ்சு கொடுங்களேன்."

"செய்யலாம் மேடம். ஆசிரியர்கள் எந்த இடத்துல சிரமப்படுறாங்கன்னு சொல்ல முடியுமா?"

"அது வந்து... வகுப்புல பிள்ளைங்க ரொம்பக் கலந்து இருக்காங்க. பேசவே மாட்டேங்குறாங்க."

இதோ, உண்மையான விஷயம் மூன்றாவது வரியில்தான் வெளியே வருகிறது. 'வேறுபடுத்திக் கற்பித்தல்', அதாவது ஒரே வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் ஏற்பக் கற்பிப்பது, மேலே இருந்து வந்த தலைப்பு. 'பேசவே மாட்டேங்குறாங்க' என்பதுதான் வகுப்பில் நடப்பது. அதைக் கேட்டு வாங்காமல் சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிடாதீர்கள். அப்புறம் மூன்று விஷயங்கள் கேளுங்கள்: போன வருடம் இதே ஆசிரியர்கள் என்ன பயிற்சி எடுத்தார்கள், பெயரை நீக்கிவிட்ட நாலைந்து மாணவர் கட்டுரைகளோ பயிற்சித்தாள்களோ கிடைக்குமா, நான் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க முடியுமா. மூன்றாவதற்கு எப்போதும் அனுமதி கிடைக்காது. கிடைத்தால் விடாதீர்கள், அந்த அரை மணி நேரம் பத்துப் புத்தகங்களுக்குச் சமம்.

மாணவர் வேலை எதையும் வாங்கும்போது பெயர், வகுப்பு, பள்ளிச் சின்னம் மூன்றும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்து இருக்கிறது, ஆனால் சட்டத்துக்காக மட்டும் இல்லை, ஒரு பிள்ளையின் பிழையைப் பெயரோடு திரையில் போடுவது சரியில்லை.

அந்த வகுப்பு எப்படிப்பட்டது

வெளியூரிலிருந்து வருபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3 விழுக்காடு. ஒரு தொடக்கநிலை 4 தமிழ் வகுப்பில் இருபது பேர் இருந்தால், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை, பாட்டியிடம் மட்டும் தமிழ் பேசும் பிள்ளை, இரண்டு வருடம் முன்பு சென்னையிலிருந்து வந்து கடகடவென்று பேசும் பிள்ளை, வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசிவிட்டுத் தமிழைப் பாடமாக எடுத்திருக்கும் பிள்ளை எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மற்ற பாடங்களுக்கு வெவ்வேறு வகுப்பில் இருந்து, தமிழ் நேரத்துக்கு மட்டும் ஓர் அறைக்கு ஓடி வந்தவர்கள். சிலர் பள்ளி முடிந்து வேறொரு பள்ளியில் இருக்கும் தமிழ் நிலையத்துக்குப் பேருந்தில் வருபவர்கள். உயர்நிலையில் 2024இலிருந்து பாட அடிப்படையிலான வகைப்பாடு (ஒவ்வொரு பாடத்தையும் மாணவர் தனக்கேற்ற நிலையில் படிக்கும் முறை) முழுமையாக வந்து நிலைகள் ஜி1, ஜி2, ஜி3 என்று ஆனபிறகு, எண்ணிக்கை குறைந்த இடங்களில் வெவ்வேறு நிலைப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வகுப்புக்கு நாற்பத்தைந்து பிள்ளைகளும் தமிழில் கனவு காணும் வகுப்பிலிருந்து எடுத்த உதாரணம் பொருந்தாது. அதைக் காட்டிய அந்த நிமிடமே, "இவருக்கு நம்ம பிள்ளைங்களைத் தெரியாது" என்று ஆசிரியர்கள் முடிவு செய்துவிடுவார்கள், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

இன்னொன்று. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுத்ததிலிருந்து, இங்கே வாய்மொழி என்றால் பிள்ளைகள் நாகரிகமான பேச்சுத்தமிழில் பேச வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாட வேண்டும். நீங்கள் மாதிரிக்கு நடத்திக் காட்டும்போது மேடைத்தமிழில் கேள்வி கேட்டால் அது இந்த வகுப்புக்கு ஒட்டாது.

கல்வி அமைச்சின் பெயர்ச்சொற்களையும் ஓரளவு தெரிந்து வைத்திருங்கள். 'சிங்கப்பூர் கற்பித்தல் நடைமுறை' என்ற சட்டகத்தில் வகுப்பறைச் சூழல், பாடத் தயாரிப்பு, பாடம் நடத்துதல், மதிப்பீடும் பின்னூட்டமும் என்று நான்கு பகுதிகள் உண்டு. 2020இல் வந்த 'ஆசிரியர்களுக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' ஆறு துறைகளைச் சொல்கிறது: மதிப்பீடு, வினவி அறியும் கற்றல், வேறுபடுத்திக் கற்பித்தல், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான ஆதரவு, குணநலன் மற்றும் குடியியல் கல்வி, மின்வழிக் கற்பித்தல். உங்கள் பயிலரங்கு இதில் எதற்குள் வரும் என்று முன்மொழிவில் ஒரு வரி எழுதினால் அனுமதி வாங்கும் ஆசிரியருக்கு வேலை சுலபம். அதற்கு மேல் இந்தச் சொற்களை ஸ்லைடில் அடுக்க வேண்டாம், அவர்கள் தினமும் பார்ப்பவைதான்.

ஒன்றே ஒன்று

எடுத்துக்கொண்ட உதாரணத்தையே தொடர்வோம்: பிள்ளைகள் பேசுவதில்லை. இதற்கு இருபது உத்திகள் சொல்லலாம். சொல்லாதீர்கள். ஒன்றை எடுங்கள். நான் எடுப்பது காத்திருக்கும் நேரம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார், அதற்குள் விடை வராவிட்டால் தானே பேசிவிடுகிறார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, அதிகம் பேர் வாய் திறந்தார்கள், தாங்களாகவே கேள்வியும் கேட்டார்கள். இங்கே நம் பிள்ளைக்கு அந்த மூன்று வினாடி இன்னும் முக்கியம். கேள்வி தமிழில் காதில் விழுந்து, யோசனை ஆங்கிலத்தில் ஓடி, சொல்லைத் தேடிப் பிடித்து, வாக்கியமாக்கி வெளியே வர வேண்டும். ஒரு வினாடியில் அது நடக்காது. நாம் அந்த இடைவெளியைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது" என்று நினைத்துவிடுகிறோம்.

இதை வைத்து இரண்டு மணி நேரத்தை எப்படி நடத்துவது?

தொடக்கத்தில் உங்கள் தன்விவரம் வேண்டாம், அது அழைப்பிதழில் இருக்கிறது. திருக்குறளோடு தொடங்கி அதற்கு ஐந்து நிமிடம் பொருள் சொல்லும் வழக்கமும் வேண்டாம் என்பது என் கருத்து. எதிரே இருப்பவர்கள் தமிழாசிரியர்கள், அந்தக் குறளை அவர்கள் பிள்ளைகளுக்கே நடத்தியவர்கள். நேராக ஒரு தாளைக் கொடுங்கள். அதில் இப்படி ஒரு சின்ன உரையாடல் இருக்கட்டும்:

ஆசிரியர்: படத்துல அந்தப் பையன் என்ன செய்யிறான்?
மாணவர்: (அமைதி)
ஆசிரியர்: குப்பைய...? குப்பையப் பொறுக்குறான், இல்லையா?
மாணவர்: ஆமா.
ஆசிரியர்: வெரி குட். அது நல்ல செயலா, கெட்ட செயலா?
மாணவர்: நல்ல செயல்.

"இதில் மாணவர் எத்தனை சொல் பேசினார்? ஆசிரியர் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணச் சொல்லுங்கள். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், எண்ணிக்கையே பேசும். அறையில் ஒரு சிறு சலசலப்பு வரும், யாராவது "நானும் இப்படித்தான் செய்யிறேன்" என்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள், அவர்களே பேசட்டும்.

பிறகுதான் ஆய்வு, அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதன்பின் நீங்களே நடத்திக் காட்டுங்கள். வந்திருப்பவர்களை மாணவர்களாக உட்காரவைத்து ஒரு படத்தைக் காட்டி, கேள்வி கேட்டு, மூன்று வினாடி காத்திருந்து காட்டுங்கள். இதைச் செய்யாமல் விளக்கம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் பயிற்றுநரை ஆசிரியர்கள் மதிப்பதில்லை, அது நியாயமும்கூட.

அடுத்தது மூவர் மூவராகப் பயிற்சி. ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர், ஒருவர் கைபேசியில் நேரம் பார்ப்பவர். மாணவராக நடிப்பவருக்கு ஒரு சீட்டில் ரகசியமாக எழுதிக் கொடுங்கள்: "விடையை முதலில் ஆங்கிலத்தில் மனத்துக்குள் சொல்லிவிட்டு, பிறகு தமிழில் சொல்லுங்கள்." ஆசிரியராக இருப்பவருக்கு மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் உடம்பில் தெரியும். இந்தப் பகுதிக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள், மூவரும் இடம் மாறி மாறிச் செய்ய வேண்டும். நேரம் போதவில்லை என்று இதைச் சுருக்கிவிட்டு ஸ்லைடை முடிக்கப் பார்ப்பதுதான் பயிற்றுநர்கள் அதிகம் செய்வது. ஸ்லைடை விடுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.

இதில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "மூணு வினாடி காத்திருந்தும் பேசலைன்னா?" நல்ல கேள்வி, அதற்கு உங்களிடம் தயாராக விடை இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு முதலில் பேசச் சொல்லலாம். "எனக்கு என்ன தோணுதுன்னா... ஏன்னா..." என்று வாக்கியத்தின் தலையை மட்டும் பலகையில் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு வினைச்சொற்களைக் காட்டி எது பொருந்தும் என்று கேட்கலாம். ஆங்கிலச் சொல்லை வைத்தே பிள்ளை வாக்கியத்தைச் சொல்ல விட்டு, பிறகு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் கொடுக்கலாம். மாணவர் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸில் குரலைப் பதிவு செய்யச் சொல்வதும் கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு உதவும். இவையெல்லாம் அந்த மூன்று வினாடிக்குத் துணை, தனித்தனித் தலைப்புகள் ஆகிவிடக் கூடாது.

கடைசி அரை மணி நேரம் அவர்களுடையது. அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை எடுத்துவரச் சொல்லி முன்கூட்டியே தகவல் அனுப்பியிருக்க வேண்டும். அதில் மூன்று கேள்விகளை அடிக்கோடிட்டு, எங்கே காத்திருப்பேன், பேசாவிட்டால் என்ன செய்வேன் என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த தாளோடு அவர் வெளியே போக வேண்டும்.

அறைக்குள் இருக்கும் மரியாதைகள்

இருபத்தைந்து வருடம் பாடம் நடத்திய மூத்த ஆசிரியரும், பணியில் சேர்ந்து ஒரு வருடம் ஆன இளையவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். இளையவருக்கு அவர் வழிகாட்டியாக இருக்கலாம், சிறுவயதில் அவருக்கே பாடம் நடத்தியவராகக்கூட இருக்கலாம். நம் தமிழாசிரியர் சமூகம் அவ்வளவு சின்னது. அதனால் "யாராவது கருத்துச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் மூத்தவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இதற்கு எளிய வழி, முதலில் எல்லாரும் எழுதட்டும், பிறகு பக்கத்தில் பேசட்டும், அதன்பிறகு பொதுவில் சொல்லட்டும். மூத்தவரை ஒதுக்குவதும் தவறு. பயிலரங்குக்கு ஒரு வாரம் முன்பே அவரைக் கூப்பிட்டு, "டீச்சர், இந்தப் பகுதியில் உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்ல முடியுமா" என்று கேட்டு வையுங்கள். அவர் உங்களோடு நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள்.

"எங்க பிள்ளைங்களுக்கு இது ஒத்துவராது சார்" என்று ஒருவர் சொன்னால் வாதாடாதீர்கள். "எந்தப் பிள்ளையை நினைச்சுச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கும், உங்கள் திட்டத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டியும் வரலாம். அங்கேயே மாற்றுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

பள்ளி ஆண்டு நான்கு தவணை, ஒவ்வொன்றும் பத்து வாரம். முதல் வாரமும் கடைசி வாரமும் வேண்டாம். ஆகஸ்டில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழி, அக்டோபரில் எழுத்துத் தேர்வு திருத்தும் பணி, அந்த நேரங்களில் பாதி ஆசிரியர்கள் பள்ளியிலேயே இருக்க மாட்டார்கள். ஏப்ரல் முழுவதும் தமிழ்மொழி விழா, தமிழாசிரியர்கள் மாணவர்களைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்துகொண்டிருப்பார்கள். ஜூன் விடுமுறையில் கேட்டால் வருவார்கள், ஆனால் நான் கேட்க மாட்டேன், அது அவர்கள் மூச்சுவிடும் நேரம். ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரையும், ஜூலையும் எனக்குப் பிடித்தவை, பயிலரங்கு முடிந்தவுடன் வகுப்பில் செய்துபார்க்கப் பல வாரங்கள் மீதி இருக்கும். நவம்பரில் நடத்தினால் அடுத்த வகுப்பு ஜனவரியில்தான், அதற்குள் மறந்துபோகும். தேதியைப் பள்ளிதான் முடிவு செய்யும் என்றாலும், இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் கேட்டுக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் 1 மணியை ஒட்டி எதையும் வைக்காதீர்கள், நம் தமிழ் முஸ்லிம் ஆசிரியர்கள் தொழுகைக்குப் போக வேண்டும். நோன்பு மாதத்தில் மாலை நேரப் பயிலரங்கு வேண்டாம். உணவுக்குச் சைவமும் ஹலாலும் தனித்தனியாக இருக்கிறதா என்று பள்ளியிடம் முன்பே கேளுங்கள், சாப்பாடு சரியில்லாமல் ஒருவர் பசியோடு உட்கார்ந்திருந்தால் உங்கள் பேச்சு அவருக்கு எப்படி ஏறும்? பள்ளி முடிந்து இரண்டரை மணிக்குத் தொடங்குவதாக இருந்தால் முதல் பத்து நிமிடம் தேநீரோடு உட்கார விடுங்கள். ஒலிபெருக்கி, திரை, தமிழ் எழுத்துரு எல்லாவற்றையும் அரை மணி முன்பே போய்ச் சரிபாருங்கள். பள்ளிக் கணினியில் உங்கள் ஸ்லைடின் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது, பிடிஎஃப் பிரதி ஒன்று வைத்திருங்கள். பள்ளியின் வைஃபை வெளியாளுக்குக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, உங்கள் கைபேசியிலிருந்தே இணையத்தை எடுங்கள்.

திரும்பிப் போங்கள்

இதுதான் பெரும்பாலோர் விட்டுவிடுவது, ஆனால் வேலையின் பாதி இங்கேதான். அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலிருந்து காட்டியது: விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் கொடுத்தால் ஆசிரியருக்கு விஷயம் தெரிந்துவிடும், வகுப்பில் அது வழக்கமாக மாறுவது மிகக் குறைவு, திரும்பத் திரும்பப் பயிற்சியும் பக்கத்தில் நின்று கைகொடுப்பதும் சேரும்போதுதான் மாறுகிறது. எனவே முன்மொழிவை எழுதும்போதே ஒரே நாள் ஆறு மணி நேரம் என்று எழுதாமல், இரண்டு மணி நேரம், மூன்று வாரம் கழித்து ஒரு மணி நேரம், தவணை முடிவில் இன்னொரு மணி நேரம் என்று பிரித்து எழுதுங்கள். கட்டணமும் மூன்றுக்கும் சேர்த்தே இருக்கட்டும். தனித்தனியாக விலை போட்டால் பின்னால் வருவதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

பள்ளிகளில் இதற்கு இடம் இருக்கிறது. கல்வி அமைச்சு 2009இல் கொண்டுவந்த தொழில்முறைக் கற்றல் சமூகங்கள் வழியாக, ஆசிரியர்கள் சிறு குழுவாகக் கூடிப் பேசும் நேரம் பல பள்ளிகளின் கால அட்டவணையிலேயே உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் போய் உட்காரலாம். ஒவ்வொருவரும் தன் வகுப்பில் பத்து நிமிடத்தைத் தானே கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, தானே கேட்டு, மூன்று கேள்விகளுக்கு எத்தனை வினாடி காத்திருந்தேன் என்று எழுதிக்கொண்டு வரட்டும். பதிவைப் பள்ளியின் அனுமதியோடு செய்யட்டும், கேட்டபிறகு அழித்துவிடட்டும். யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. எண்ணை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

நீங்கள் வகுப்பில் போய் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரு வாக்குறுதியை முதலிலேயே எல்லாரும் கேட்கும்படி, துறைத்தலைவரும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்: நான் பார்ப்பது யாருடைய பணிமதிப்பீட்டுக்கும் போகாது. ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் தரமதிப்பீடு உண்டு, அதை ஒட்டி ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் இருக்கின்றன. வெளியாள் ஒருவர் தன் வகுப்பில் பார்த்ததைத் துறைத்தலைவரிடம் சொல்வார் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அன்றைக்கு ஒத்திகை பார்த்த பாடம்தான் உங்களுக்குக் கிடைக்கும். பிறகு யாராவது தனியாக வந்து "அவங்க எப்படிச் செய்யிறாங்க?" என்று கேட்டால், "அதை அவங்ககிட்டயே கேளுங்க மேடம், நான் சொல்றதில்லைன்னு ஒத்துக்கிட்டோம்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்னூட்டப் படிவம் பற்றி: பள்ளி ஒன்று கொடுக்கும், நிரப்பட்டும். "பயிற்றுநர் தெளிவாகப் பேசினாரா" என்பதற்கு ஐந்துக்கு ஐந்து கிடைத்தாலும் அதிலிருந்து உங்களுக்குத் தெரியவருவது கொஞ்சம்தான். மூன்று வாரம் கழித்து நீங்களே இரண்டு கேள்வி அனுப்புங்கள்: எதைச் செய்து பார்த்தீர்கள், ஒரு பிள்ளை அதனால் என்ன வேறு மாதிரி செய்தது? பதில் வராதவர்களின் எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான மதிப்பெண்.

தாள் வேலை

சிறிய தொகை என்றால் பள்ளி நேரடியாக விலைக்குறிப்புக் கேட்கும். தொகை கூடினால் அரசாங்கக் கொள்முதல் தளமான ஜிபிஸ் வழியாகத்தான் போகும், அதில் விற்பனையாளராக முன்பே பதிந்து வைத்திருங்கள், அழைப்பு வந்தபிறகு பதிய ஓடினால் கடைசித் தேதி போய்விடும். விலைக்குறிப்பில் தயாரிப்பு நேரம், பிரதிகள், திரும்பிவரும் இரண்டு அமர்வுகள் எல்லாம் அடக்கம் என்று எழுதுங்கள். பயிற்சித்தாள்களை ஆசிரியர்கள் பின்னால் பயன்படுத்தலாமா, மற்றப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாமா என்பதையும் ஒரு வரியில் தெளிவாக்குங்கள். நான் கொடுக்கலாம் என்றே எழுதுவேன், தமிழில் நல்ல தாள்கள் குறைவு. வேலை முடிந்ததும் விலைப்பட்டியலைப் பள்ளி சொல்லும் மின்தளத்தில், கொள்முதல் ஆணை எண்ணோடு பதிவேற்றுங்கள். எண் தவறினால் பணம் வாரக்கணக்கில் நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் இரண்டு விஷயத்தைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு அனுமதிச்சீட்டு தேவையா என்று அழைக்கும் தரப்பு மனிதவள அமைச்சிடம் உறுதி செய்யட்டும். சிங்கப்பூரில் வசிக்காத வல்லுநருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பொதுவாக மொத்தத் தொகையில் 15 விழுக்காடு வரியாகப் பிடித்து வைக்கப்படும், எனவே பேசிய தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பள்ளிக்குப் போகும் நாளில் அடையாள ஆவணத்தைக் கையில் வைத்திருங்கள், வாயிலில் பதிந்து வருகையாளர் அட்டை வாங்கித்தான் உள்ளே போக முடியும், பத்து நிமிடம் ஆகும். வளாகத்துக்குள் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். ஆசிரியர்களை எடுப்பதாக இருந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.